வாளைக் கழற்றி வைத்த வீரர் - புனித இஞ்ஞாசியார்

நம் ஆலயத்திற்குள் ஓடிவரும் சிறுவர்கள் முதலில் எந்தச் சுரூபத்தின் முன் நிற்கிறார்கள் என்று நாம் கவனித்திருக்கிறோமா? பெரும்பாலும் அது வாளேந்திய மிக்கேல் சம்மனசின் சுரூபமாக இருக்கும். அல்லது குதிரைமேல் வரும் சந்தியாகப்பராக, அம்பு தைத்த செபஸ்தியாராக இருக்கும். வாளும் வேலும் குதிரையும் பிள்ளைகளின் கண்ணைக் கவர்கின்றன. பெரியவர்களாகிய நாம் மட்டும் என்ன? வீரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் தலை தானாக நிமிர்ந்துவிடுகிறது.

புனித இஞ்ஞாசியாரின் சுரூபத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். கறுப்பு அங்கி, வழுக்கைத் தலை, கையில் ஒரு புத்தகம். பிள்ளைகள் அதைக் கடந்து போய்விடுவார்கள். ஆனால் இவரும் ஒரு காலத்தில் இடையில் வாள் கட்டித் திரிந்தவர்தாம். போர்க்களத்தில் குண்டடி பட்டு விழுந்தவர்தாம். அந்த வாள் எங்கே போயிற்று? அதை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. அவரே தம் கையால் கழற்றித் தேவமாதாவின் பீடத்தருகே மாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வீரராக இருந்தாரா, இல்லையா? இக்கேள்வியோடு அவருடைய வாழ்க்கையை இவ்விழா மலரில் நாம் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

கல்லும் செங்கல்லும்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைப்பகுதியில், அஸ்பெயித்தியா என்னும் ஊருக்கருகே லொயோலா மாளிகை இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதி பருத்த கல்லால் கட்டப்பட்டது. மேற்பகுதி செங்கல்லால் ஆனது. காரணம் இதுதான். அப்பகுதிப் பிரபுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தன. பொறுமையிழந்த அரசர் நான்காம் ஹென்றி, 1456-ஆம் ஆண்டில் அவர்களுடைய கோட்டைகளின் மேற்பகுதியை இடிக்கச் சொன்னார். பிறகு செங்கல்லால் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. வீரம் என்ற பெயரில் மனிதர் செய்த பகைக்கு அந்தச் சுவரே சாட்சி.

அந்த வீட்டில் 1491-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த கடைக்குட்டிதான் இனிகோ. பிற்காலத்தில்தான் இஞ்ஞாசியார் என்ற பெயரை ஏற்றார். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். ஊர்க் கொல்லரின் மனைவி அவருக்குப் பாலூட்டி வளர்த்தாள். மூத்த அண்ணன் நேப்பிள்ஸ் போரில் மாண்டார். இன்னொருவர் கடல் கடந்து புதிதாகக் கண்ட அமெரிக்காவுக்குச் சென்று அங்கேயே மடிந்தார். வாளெடுத்துப் புறப்படுவதே ஆண்பிள்ளைக்கு அழகு என்று நம்பிய குடும்பம் அது.

காலமும் அப்படிப்பட்டதுதான். 1492-ஆம் ஆண்டில் கிரனாடா நகரம் வீழ்ந்தது. பல நூற்றாண்டுகளாக நடந்த போர் முடிந்தது. அதே ஆண்டில் கொலம்பஸ் மேற்கே கப்பல் ஏறினார். போர் முடிந்த பிறகும் போரின் ஆசை முடியவில்லை. அந்த ஆசைக்குத் தீனி போட்டது அச்சுயந்திரம். காலின் அமாதிஸ் என்னும் வீரனின் கதை 1508-ஆம் ஆண்டில் அச்சாகி, ஸ்பெயின் இளைஞர் கையிலெல்லாம் புகுந்தது. ஊர் ஊராகச் சுற்றும் வீரன், அவன் மனத்தில் குடியிருக்கும் சீமாட்டி, அவன் வெட்டி வீழ்த்தும் அரக்கர்கள், அவன் உயிரினும் பெரிதாக மதிக்கும் மானம் - இவையே அக்கதைகளின் சாரம். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின், 1605-இல், செர்வாந்தஸ் தமது டான் குயிக்ஸாட் நவீனத்தில் இக்கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒருவரைக் காட்டி உலகையே சிரிக்க வைத்தார். இனிகோவின் நாளில் யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் நம்பினார்கள்.

ஏறத்தாழப் பதினைந்து வயதில் அவர் அரேவலோ நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே கஸ்தீல் அரசின் பொருளாளர் வீட்டில் பத்தாண்டுகளுக்கு மேல் வளர்ந்தார். அரசவைப் பழக்கம், அழகிய கையெழுத்து, வாள்வீச்சு, நடனம் எல்லாம் கைவந்தன. கூடவே சூதாட்டமும் பெண்ணாசையும் சண்டைக் குணமும் வந்தன. 1515-ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்தில், சொந்த ஊரில், இரவு வேளையில் நடந்த வன்செயல் ஒன்றுக்காக அவர்மீதும் அவர் அண்ணன்மீதும் வழக்குப் பதிவாயிற்று. அப்போது அந்த வீர இளைஞர் என்ன செய்தார் தெரியுமா? சிறுவயதில் தமக்குக் குருகுலத்தாருக்குரிய முடிமழிப்புச் சடங்கு நடந்தது என்று சொல்லி, அரசு நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் தப்பிக்க முயன்றார். புனிதரின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை மறைப்பது அவருக்குப் பெருமை சேர்க்காது. தம் பழைய வாழ்க்கை வீண்பெருமையில் கழிந்தது என்று அவரே முதுமையில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

பம்பலோனாவில் விழுந்த குண்டு

1521-ஆம் ஆண்டு மே மாதம். இனிகோ அப்போது நவார் நாட்டு அரசப் பிரதிநிதியிடம் பணியில் இருந்தார். பிரெஞ்சுப் படை பம்பலோனா நகரை நெருங்கியது. நகரம் பணிந்துவிட்டது. கோட்டைக்குள் இருந்த சிறு படையின் அதிகாரிகளும் சரணடைவதே நல்லது என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியான முடிவுதான். ஆனால் இனிகோவின் மானம் இடங்கொடுக்கவில்லை. அவர் பேசிப் பேசி எல்லாரையும் போருக்கு இணங்க வைத்தார். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாததால், உடனிருந்த வீரர் ஒருவரிடமே தம் பாவங்களைச் சொல்லிக்கொண்டு மதில்மேல் ஏறி நின்றார்.

மே 20-ஆம் நாள், பீரங்கிக் குண்டு ஒன்று அவர் கால்களுக்கிடையே பாய்ந்தது. வலக்கால் நொறுங்கியது; இடக்காலிலும் காயம். அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது. பிரெஞ்சுக்காரர் அவரை மரியாதையுடன் நடத்தி, மருத்துவம் செய்து, பல்லக்கில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் மருத்துவர்கள் பார்த்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. மறுபடியும் உடைத்துப் பொருத்தினார்கள். மயக்க மருந்து என்பதே இல்லாத காலம். அவர் கைகளை இறுக முஷ்டி பிடித்துக்கொண்டதைத் தவிர ஒரு முனகலும் காட்டவில்லை. நிலைமை மோசமாகி, கடைசித் திருவருட்சாதனங்களையும் பெற்றார். புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளையொட்டி உயிர் திரும்பிற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்புத் துண்டொன்று துருத்திக்கொண்டு நின்றது. உயிருக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் அரசவைக்குரிய இறுக்கமான காலணியை அணிந்தால் அது அசிங்கமாகத் தெரியும். அதற்காக அந்த எலும்பை அறுத்தெடுக்கும்படி இனிகோ கேட்டார். முன்பு பட்ட வேதனையைவிட இது பெரிது என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அண்ணன் கேட்டு நடுங்கிப்போனார். இனிகோ அசையவில்லை. எலும்பை அறுத்தார்கள், குறுகிப்போன காலை நீட்டப் பல நாள் கட்டி இழுத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் அவர் ஆயுள் முழுவதும் சிறிது நொண்டியே நடந்தார்.

ஒரு காலணியின் அழகுக்காக இவ்வளவு துணிவு! இஞ்ஞாசியாரிடம் வீரம் என்றுமே குறைவாக இருந்ததில்லை. அந்த வீரம் எதற்காகச் செலவாயிற்று என்பதே கேள்வி. நம்மிடம் இருக்கும் துணிவை நாம் எதற்குச் செலவிடுகிறோம் என்பதும் அதே கேள்விதான்.

இரண்டு புத்தகங்கள்

படுக்கையில் கிடந்தவருக்குப் பொழுது போகவில்லை. வழக்கமான வீரக்கதைகளைக் கேட்டார். அந்தப் பெரிய வீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை இரண்டு: சாக்சனி நாட்டு லுதோல்பு எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை, மற்றும் புனிதர்களின் சரித்திரம். வேறு வழியின்றி அவற்றைப் புரட்டினார்.

புத்தகத்தை மூடியதும் பகற்கனவு தொடங்கும். தம் மனத்தில் குடியிருந்த உயர்குலச் சீமாட்டியைக் காண எப்படிப் போவது, என்ன பேசுவது, என்ன வீரச்செயல் புரிவது என்று மணிக்கணக்கில் நினைப்பார். பிறகு வேறொரு நினைவு வரும். அசிசி பிரான்சிஸ் செய்ததைத் தாமும் செய்தால் என்ன? சாமிநாதர் செய்ததைத் தாமும் செய்தால் என்ன? இரண்டுமே இனிமையாக இருந்தன. ஆனால் சீமாட்டியைப் பற்றிய கனவு முடிந்ததும் மனம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப் பற்றிய நினைவு போன பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்தச் சிறு வேறுபாட்டை அவர் ஒருநாள் கண்டுகொண்டார். உள்ளத்தின் அசைவுகளைப் பகுத்தறியும் அவருடைய போதனை முழுவதும் இந்தப் படுக்கையில் முளைத்த விதைதான்.

கவனியுங்கள்: அவர் இன்னும் பழைய வீரரேதாம். புனிதர்களைப் போட்டிக்கு அழைக்கும் வீரர்களாகவே அவர் பார்த்தார். அவர்கள் செய்ததைத் தம்மால் மிஞ்ச முடியும் என்ற ரோசம்தான் முதலில் எழுந்தது. கடவுள் அந்த ரோசத்தையும் தள்ளிவிடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே அவரை அழைத்துச் சென்றார்.

கோவேறு கழுதை காட்டிய வழி

1522-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மொன்செராத் மலையிலுள்ள தேவமாதாவின் திருத்தலத்திற்குக் கோவேறு கழுதையில் புறப்பட்டார். வழியில் ஒரு மூர் இனத்தவர் உடன் வந்தார். பேச்சு தேவமாதாவைப் பற்றித் திரும்பியது. மரியாள் கன்னியாகக் கருத்தாங்கியதை அவர் ஒப்புக்கொண்டார். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் கன்னியாக இருந்ததை ஏற்க மறுத்தார். பேச்சு முடிந்து அவர் விரைந்து முன்னே போய்விட்டார்.

இனிகோவுக்கு இரத்தம் கொதித்தது. சீமாட்டியின் மானத்தைப் பழித்தவனைச் சும்மா விடுவது வீரனுக்கு அழகா? பின்தொடர்ந்து போய்க் குத்துவாளால் குத்திவிடலாமா என்று எண்ணினார். முடிவெடுக்க முடியாமல், பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளரவிட்டார். மூர் இனத்தவர் போன ஊரின் பாதையைக் கழுதை பிடித்தால் குத்துவது. நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது. ஊர்ப் பாதைதான் அகலமானது. ஆனாலும் கழுதை நெடுஞ்சாலையில் நடந்தது.

பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியை இஞ்ஞாசியாரே சொன்னார். தம் ஆன்மா அந்நாளில் எவ்வளவு குருடாயிருந்தது, தாழ்மை என்ன, பொறுமை என்ன என்று அறியாமல் எப்படிக் கிடந்தது என்பதற்கு அடையாளமாகவே சொன்னார். பக்தியின் பெயரால் கத்தியெடுக்கத் துடிப்பது பக்தியாகாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்?

மொன்செராத்தில் மூன்று நாள் தம் வாழ்நாள் பாவங்களை எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். மார்ச் 24-ஆம் நாள் இரவு, மங்கள வார்த்தைத் திருநாளின் முன்னிரவு, தம் விலையுயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத்துணி உடுத்தினார். வீரப்பட்டம் பெறுபவன் முந்தின இரவு ஆயுதங்களுடன் விழித்திருப்பது அமாதிஸ் கதைகளில் வரும் வழக்கம். இனிகோவும் அப்படியே விழித்திருந்தார். நின்றும் முழந்தாளிட்டும் இரவைக் கழித்தார். விடிந்ததும் வீரன் வாளைக் கட்டிக்கொள்வான். இவர் வாளையும் குத்துவாளையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கினார்.

கொஞ்ச தூரத்தில் ஓர் அதிகாரி ஓடிவந்து, பிச்சைக்காரனுக்கு உடை கொடுத்தது உண்மைதானா என்று விசாரித்தார். அந்த ஏழை திருடியிருப்பான் என்று சந்தேகப்பட்டுத் தொல்லை கொடுத்திருந்தார்கள். குண்டடியிலும் எலும்பறுப்பிலும் கலங்காத கண்கள் அந்த ஏழைக்காகக் கண்ணீர் விட்டன. வாளை விட்ட வீரன் முதலில் கற்ற பாடம் இதுதான்.

மன்ரேசாவிலிருந்து பள்ளிப் பலகைக்கு

அருகிலுள்ள மன்ரேசாவில் சில நாள் தங்க எண்ணியவர் ஏறத்தாழப் பதினொரு மாதம் தங்கினார். பிச்சையெடுத்தார், நோன்பிருந்தார், முடியையும் நகத்தையும் வெட்டாமல் விட்டார். தவத்திலும் பழைய வீரச்செயல் மோகம் இருந்தது. அதன் பலனாக மனம் உடைந்தது. சொன்ன பாவங்கள் மன்னிக்கப்பட்டனவா என்ற ஐயம் அவரை வாட்டி, உயிரையே மாய்த்துக்கொள்ளும் சோதனைவரை கொண்டுபோயிற்று. தம் பலத்தால் வெல்ல முடியாத எதிரியை அவர் முதன்முதலாகச் சந்தித்தார். ஒரு பள்ளிச் சிறுவனை ஆசிரியர் நடத்துவதுபோல் இறைவன் தம்மை அங்கே நடத்தினார் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அங்கே உருவாகத் தொடங்கியதுதான் ஞானப் பயிற்சிகள் என்ற நூல். பாப்பரசர் மூன்றாம் பவுல் 1548-ஆம் ஆண்டில் அதற்கு அங்கீகாரம் அளித்தார். அதில் போர்வீரரின் சாயல் இருக்கிறது: தம் மக்களை அழைக்கும் அரசர், எதிரெதிரே நிற்கும் இரண்டு கொடிகள். ஆனால் கிறிஸ்துவின் கொடியின்கீழ் நிற்பவனுக்குக் கிடைப்பவை என்ன? வறுமை, அவமானம், தாழ்ச்சி. மானத்தை உயிராக மதித்தவர், அவமானத்தை ஏற்கக் கேட்கும் தியானத்தை எழுதினார். வீரத்தின் மொழியை அவர் கைவிடவில்லை; அதன் பொருளைத் தலைகீழாகத் திருப்பினார்.

1523-இல் எருசலேம் சென்றார். அங்கேயே தங்கிவிட ஆசை. ஆபத்தை எண்ணி அங்கிருந்த பிரான்சிஸ்கன் தலைவர் திரும்பிப் போகக் கட்டளையிட்டார். பம்பலோனாவில் யார் சொல்லையும் கேளாதவர் இங்கே கீழ்ப்படிந்தார். ஆன்மாக்களுக்கு உதவக் கல்வி வேண்டும் என்று உணர்ந்து, பார்சலோனாவில் முப்பத்துமூன்று வயதில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். கோட்டை மதில்மேல் நிற்பது எளிது. பிள்ளைகள் நகைக்க வேற்றுமை உருபு ஒப்பிப்பது எளிதா?

அல்காலாவில் அவர் போதனைமேல் சந்தேகம் எழுந்து 42 நாள் சிறையில் கிடந்தார். சலமாங்காவில் 22 நாள் விலங்கிட்டு வைத்தார்கள். குற்றம் ஒன்றும் காணவில்லை. 1528-இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். அங்கே புனித பார்பரா கல்லூரியில் அவருடன் அறையில் தங்கியவர்கள் இருவர்: பீட்டர் பேபர், பிரான்சிஸ் சவேரியார்.

சவேரியார் நவார் நாட்டவர். அவர் குடும்பத்தின் கோட்டையை 1516-இல் கஸ்தீல் ஆட்சி இடித்துத் தள்ளியது. இனிகோ காத்து நின்ற கட்சிக்கு எதிர்க்கட்சியில் சவேரியாரின் அண்ணன்மார் போரிட்டவர்கள். வாளோடு சந்தித்திருந்தால் ஒருவர் உயிர் போயிருக்கும். ஒரே அறையில் சந்தித்தார்கள். இருவரும் ஒரே நாளில் புனிதரானார்கள். 1534 ஆகஸ்ட் 15-ஆம் நாள், மோன்மார்த் குன்றின் சிற்றாலயத்தில் ஏழு நண்பர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தனர்.

நாற்காலியில் அமர்ந்த வீரர்

1540 செப்டம்பர் 27-ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் பவுல் இயேசு சபையை அங்கீகரித்தார். மறு ஆண்டு இஞ்ஞாசியார் அதன் தலைவரானார். அவர் ஒரு படையை உருவாக்கினார் என்று பலரும் சொல்வதுண்டு. ஜெனரல் என்ற பட்டம் படைத்தலைவரைக் குறிப்பதன்று. பொதுத் தலைவர் என்பதே அதன் பொருள். சபையின் ஸ்பானியப் பெயரிலுள்ள கொம்பாஞியா என்ற சொல்லும் தோழர் கூட்டத்தைக் குறிப்பதே.

உலகமெல்லாம் சுற்ற விரும்பியவர் கடைசிப் பதினைந்து ஆண்டுகளை உரோமையில் ஒரு சிறு அறையில் கழித்தார். ஏழாயிரத்தையொட்டிய கடிதங்கள் அங்கிருந்து புறப்பட்டன. ஒழுக்கக்கேடான வாழ்க்கையை விட்டுவர விரும்பிய பெண்களுக்காகப் புனித மார்த்தா இல்லத்தைத் தொடங்கினார். அப்பெண்களை அழைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, உரோமைத் தெருக்களில் தாமே நடந்தார். அழகிய காலணிக்காக எலும்பை அறுக்கச் சொன்னவர், தம் பெயர் கெடுமே என்று கவலைப்படாமல் நொண்டி நொண்டி நடந்தார். இதுவும் ஒரு போர்க்களம் அல்லவா?

சவேரியாரைப் பிரிந்ததும் ஒரு வீரம்தான். 1540-இல் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவர் நோயுற்றதால், அருமை நண்பரை அனுப்பினார். இருவரும் மீண்டும் சந்திக்கவே இல்லை. சவேரியாரைத் திரும்பி வரச்சொல்லி 1553 ஜூன் மாதம் எழுதினார். அந்தக் கடிதம் எழுதப்படும் முன்பே, 1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரையோரத் தீவில் சவேரியார் கண் மூடியிருந்தார்.

1556 ஜூலை 30-ஆம் நாள், தம் முடிவு நெருங்கியதை உணர்ந்த இஞ்ஞாசியார், செயலராகிய பொலாங்கோவை அழைத்துப் பாப்பரசரின் ஆசீரைப் பெற்றுவரக் கேட்டார். பொலாங்கோவுக்கு அன்று ஸ்பெயினுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்கள் இருந்தன. மறுநாள் போகலாமா என்று கேட்டார். இன்றே போனால் நல்லது, ஆயினும் உம் விருப்பம்போல் செய்யும் என்று இஞ்ஞாசியார் விட்டுவிட்டார். விடியற்காலையில் அமைதியாக உயிர் பிரிந்தது. பிடிவாதத்தால் ஒரு கோட்டையையே போருக்கு இழுத்தவர், சாகும் தறுவாயில் தம் விருப்பத்தை இன்னொருவர் கையில் விட்டார். இதைவிடப் பெரிய வெற்றி அவர் வாழ்வில் வேறொன்று இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். அப்போது சபையில் சுமார் ஆயிரம் பேர் இருந்தனர். 1622 மார்ச் 12-ஆம் நாள் சவேரியாரோடு அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நமக்கு விட்டுச்சென்ற வீரம்

அந்தப் பாரிஸ் அறையில் மூண்ட நெருப்புத்தான் 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தது. சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் கையில் வேறு ஆயுதம் இல்லை. அவர் வழியில் வந்த அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் தம் தலையைக் கொடுத்தார். பிறர் தலையை வாங்கவில்லை. தேம்பாவணி பாடிய கான்ஸ்டண்டைன் பெஸ்கிக்கு நம் தமிழ் தந்த பெயரை நினைத்துப் பாருங்கள்: வீரமாமுனிவர். வீரமும் முனிமையும் ஒருவரிடம் கூடும் என்பதை அந்த ஒரு பெயரிலேயே தமிழ் ஒப்புக்கொண்டிருக்கிறது.

பங்கின் இளைஞர்களே, உங்கள் இரத்தத்தின் சூடு தவறானதன்று. ரோசமும் துணிவும் இறைவன் தந்தவைதாம். தெருச் சண்டையிலும் சாதிப் பெருமையிலும் வீண் பந்தயத்திலும் அவை செலவானால், நமக்கு மிஞ்சுவது இடிபட்ட கோட்டைச் சுவர்தான். மன்னிப்புக் கேட்க, இகழப்பட்டவரோடு தெருவில் நடக்க, வயது கடந்தும் படிக்க உட்கார, நம் சொல் எடுபடாதபோது அமைதியாக இருக்க - இவற்றிற்கும் துணிவு வேண்டும். குண்டுக்கு முன் நின்றவருக்கே இவற்றைக் கற்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

அடுத்தமுறை இஞ்ஞாசியாரின் சுரூபத்தைக் கடக்கும்போது நம் பிள்ளைகளைச் சற்று நிறுத்துவோம். அந்தக் கையில் ஏன் வாள் இல்லை என்று அவர்கள் கேட்கட்டும். பதில் சொல்ல நம்மிடம் இப்போது ஒரு கதை இருக்கிறது.